எல்லையோரத்துச் சமையல்

மசால் தோசை மைசூருடையதா, நம்முடையதா என்று ஓசூரில் வழக்காடுகிறவர்களை நான் அறிவேன். ஓசூரே 1799 வரை மைசூர்ச் சீமைதான். திப்பு மாண்ட பிறகே கும்பினியார் கைக்கு வந்தது. தோசைக்குள் இருக்கும் உருளைக்கிழங்கோ தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைச் சரக்கு. சட்டினி மிளகாய், மெக்ஸிகோவில் பிறந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது.

மெக்ஸிகோ எல்லையருகே, அமெரிக்க நகரமான ஸான் டியாகோவிலும் இதே கதைதான். 1990-களில் அங்கே மெக்ஸிகோச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள், வறுத்த உருளைக்கிழங்கின்மேல் சுட்ட மாட்டிறைச்சியும் பாலாடைக் கட்டியும் பரப்பி விற்கத் தொடங்கினார்கள். கிழங்கு அதே ஆண்டிஸ் கிழங்கு. மாடோ 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுபோனது. அப்படியானால் அது எந்த நாட்டுப் பண்டம்?

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின், ஷிப்ட் முடிந்த தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் ஓசூரில் ஒரே மேஜையில் தோசை தின்கிறார்கள். அவர்கள் முன் அந்த வழக்கு நிற்காது என்பது என் கட்சி.