கடற்பயணமும் கைக்குழந்தையும்

டாக்குரியாவில் வாழும் நமக்குக் கடல் கண்ணுக்கு எட்டாத பொருள். மாலை வேளைகளில் குழந்தைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்கின்றோம். 1958 முதல் இரவீந்திர சரோவர் எனப் பெயர் பூண்ட அவ்வேரியே நம் மழலைகள் அறிந்த பெருநீர். ஆயினும் சென்ற ஆண்டு மார்ச்சுத் திங்களில் எம் இல்லத்தில் கடலைப் பற்றிய வழக்கொன்று எழுந்தது. கோடை விடுமுறையில் கிதிர்ப்பூர்த் துறையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலேற வேண்டுமென இளையோர் விரும்பினர். பேரனுக்கு மூன்று வயது. பேத்திக்கு அப்பொழுது எட்டு மாதம். "கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கடலா?" என்று பாட்டியார் மறுத்தார். "இக்காலத்தில் இஃதென்ன அச்சம்?" என்று மருமகள் கேட்டாள். இரு சாராரும் தீர்ப்பை எம்மிடம் விட்டமையால், யாம் பழைய ஏடுகளைப் புரட்டலானோம். கண்டவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

திரை கடந்து வாணிகம் செய்த நம் முன்னோர் குடும்பத்துடன் கடலேறினரா? முந்நீர் வழிச் செல்வோர் மகளிரை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியம். அந்நூற்பாவிற்கு வேறு பொருள் கொள்வாரும் உளர். எனினும் கடற்செலவு ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணம் பண்டு இருந்தமைக்கு அதனைச் சான்றாகக் காட்டுதல் மரபு. மணிமேகலையோ கைக்குழந்தையின் கதையையே கூறுகின்றது. நாகநாட்டு மங்கை பீலிவளை, சோழ மன்னனுக்குத் தான் ஈன்ற மகனை மணிபல்லவத்தில் கம்பளச் செட்டி என்னும் வணிகனிடம் ஒப்புவித்துக் கலத்தில் அனுப்புகின்றாள். அன்றிரவே கலம் கவிழ்கின்றது, குழந்தையைக் காணவில்லை. மகனைத் தேடி அலைந்த மன்னன் இந்திர விழாவை மறந்தான். அதனால் புகார் நகரம் கடல்கோட்பட்டது என்பது காப்பியம். ஒரு குழந்தையின் இழப்பு ஒரு பேரூரின் அழிவுக்கு ஈடாக வைக்கப்பட்டுள்ளமை எண்ணத்தக்கது.

நாம் குடியேறி வாழும் வங்கத்திலும் இவ்வச்சம் இலக்கியமாகியுள்ளது. இரவீந்திரரின் 'தேவதார் கிராஸ்' என்னும் கதைப்பாட்டை அறியாத வங்கர் அரியர். கங்காசாகர நீராட்டுக்குப் புறப்படும் மோட்சதா என்னும் கைம்பெண்ணின் சிறுவன் இராக்கால், தானும் வருவேன் என்று படகில் ஏறி அமர்ந்து கொள்கின்றான். சினந்த தாய், உன்னைக் கடலுக்கே கொடுத்து விடுகிறேன் என்று வாய்தவறிச் சொல்லி விடுகின்றாள். திரும்பும் வழியில் புயல் எழுகின்றது. நேர்ந்த பொருளைக் கடலுக்குக் கொடாததே காரணமென எண்ணிய பயணிகள் அச்சிறுவனை நீரில் எறிகின்றனர். இக்கதைக்குப் பின்னால் வரலாறும் உண்டு. சாகரத்தில் குழந்தைகளை நீருக்கு நேர்ந்துவிடும் கொடுவழக்கத்தை வெல்லெஸ்லி பிரபுவின் அரசு 1802-இல் சட்டமியற்றித் தடை செய்தது.

காப்பியமும் கதையும் அச்சத்தைக் கூறும். காரணத்தைக் கூறுவது வரலாறு. 1887-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'சர் ஜான் லாரன்ஸ்' என்னும் நீராவிக்கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒரிசாக் கரையிலுள்ள சாந்தபாலிக்குப் புறப்பட்டது. புரிக்கு இருப்புப்பாதை அமையாத காலம் அது. சகந்நாதரை வழிபடச் சென்ற எழுநூற்றுக்கு மேற்பட்டோர், அவருள் பெரும்பாலோர் பெண்டிர், 25-ஆம் நாள் வீசிய புயலில் மாண்டனர். ஆங்கில மாதர் சிலர் அவர் நினைவாக வைத்த கல்லைக் கங்கைக்கரையில், சோட்டேலால் படித்துறையில் இன்றும் காணலாம். வங்கக் கடலில் புயல் மிகும் பருவம் இரண்டு: மழைக்காலத்துக்கு முற்பட்ட மே மாதமும், அதற்குப் பிற்பட்ட அக்டோபர், நவம்பர் மாதங்களும். ஆகவே முதற்பாடம் பருவம் அறிதல்.

இரண்டாம் பாடம் இதனினும் கொடியது. ஒப்பந்தக் கூலிகளாய் நம் நாட்டவர் கடல் கடந்த நாளில் கல்கத்தாவும் சென்னையும் பெருந்துறைகள். தமிழர் பெரும்பாலும் சென்னையிலிருந்தே கப்பலேறினர். 1860 அக்டோபரில் சென்னையை விட்டு, நவம்பர் 16-இல் தர்பனை அடைந்த 'துரூரோ' கப்பலே நேட்டாலுக்கு அவ்வாறு சென்ற முதற்கப்பல். அதில் 342 பேர் இருந்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1856-57 பருவத்தில், கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற கப்பல்களில் ஏறினோருள் நூற்றுக்கு 17 பேர் வழியிலேயே இறந்தனர். அவர்களை மாய்த்தது அலையன்று. வாந்திபேதியும், வயிற்றுக்கடுப்பும், தட்டம்மையுமே. இத்தகைய பயணங்களில் குழந்தைகளின் சாவு பெரியோரினும் மிகுதி. நெருக்கமான தளத்தில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால் மற்றப் பிள்ளைகள் தப்புதல் அரிது. அச்சாவுகளை ஆராய்ந்து மூவாட்டு என்னும் மருத்துவ அதிகாரி 1858-இல் அறிக்கை அளித்தார்.

விதிகள் படிப்படியே இறுகின. கப்பலில் மருத்துவர், தூய குடிநீர், ஏறுமுன் உடற்சோதனை, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகட்கு அரைப்பங்கு உணவு என்றெல்லாம் வகுத்தனர். இவ்விதிகள் பிறந்தது கருணையினாலோ, கூலிக்கணக்கினாலோ, நாம் வழக்காட வேண்டுவதில்லை. அவை பிறப்பதற்கு முன் எத்தனையோ தாய்மார் தம் மக்களைக் கடலில் விட்டனர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். அவர்கள் புறப்பட்ட கிதிர்ப்பூரில் 2011-இல் ஒரு நினைவுச் சின்னம் நிறுவப்பட்டது. அந்தமான் கப்பலுக்குச் செல்வோர் அதனையும் கண்டு செல்லுதல் நன்று.

பின்வந்த காலத்தில் காட்சி மாறியது. 1926-இல் கட்டப்பட்ட 'இரஜூலா' 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடியது. மலேயாத் தமிழ்க் குடும்பங்கள் அதன் தளத்தில் பாய் விரித்து, பிள்ளைகளைப் பக்கத்தில் கிடத்தி வந்து சென்றன. 1912-இல் 'டைட்டானிக்' மூழ்கியதன் பயனாய் 1914-இல் பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை எழுந்தது. அதன் இன்றைய விதிப்படி, பன்னாட்டுப் பயணிகள் கப்பல் ஒருநாளுக்கு மேல் செல்வதாயின் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதன் அளவுக்கேற்ற மிதவையுடை இருத்தல் வேண்டும். உல்லாசக் கப்பல் நடத்துவோர் பலர் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்பதில்லை; பெருங்கடலைக் கடக்கும் பயணமாயின் ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும் என்கின்றனர். கரையிலுள்ள மருத்துவமனைக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட நாட்களே இவ்விதியின் கருத்து.

இவற்றை வைத்து எம் வழக்கை நோக்கினோம். அந்தமான் பயணம் ஏறத்தாழ மூன்று, நான்கு நாள். ஹூக்ளி ஆறும் முகத்துவாரமும் கடந்து திறந்த கடலை அடைந்தபின், நினைத்தவுடன் மருத்துவமனைக்கு ஓட இயலாது. விடுமுறையோ புயற்பருவமாகிய மே மாதம். குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணைகூட அப்பொழுது போடப்படவில்லை. அஃது ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே போடப்படுவது. இரண்டாம் தவணை பதினாறாம் மாதத்துக்குப் பின். ஆகவே, "செல்லலாம், ஆனால் மே மாதத்தில் அன்று, வரும் ஜனவரியில்" என்று தீர்ப்பளித்தோம். பாட்டியார் முற்றும் மகிழவில்லை. இளையோரும் முற்றும் மகிழவில்லை. தீர்ப்பு நடுநிலையானது என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டா!

ஜனவரியில் இரு தவணையும் முடித்து, பதினெட்டு மாதப் பேத்தியுடன் அனைவரும் கப்பலேறினோம். ஏறுமுன் மருத்துவர் அறை எங்குளது, குழந்தைக்குரிய மிதவையுடை உண்டா, காய்ச்சிய நீர் கிடைக்குமா என்னும் மூன்றையும் கேட்டறிந்தோம். 2024-இல் சிறீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில் இறங்கிய வேளை, பேரன் முதல்நாள் குமட்டலையெல்லாம் மறந்து கடலை விட்டு வர மறுத்தான். வழி நெடுகிலும் பேத்தியைத் தம் மடியை விட்டு இறக்காதவர் பாட்டியாரே.

அச்சம் மடமையன்று, அது முன்னோர் இழந்த குழந்தைகளின் நினைவு. ஆயினும் அஞ்சிக் கரையிலேயே இருந்து விடுதலும் அறிவன்று. அஞ்சத்தக்கது எது எனத் தெரிந்து அதற்கேற்ப ஆயத்தம் செய்வதே அறிவு. நம் மழலையர் கடலைக் காணட்டும். உரிய பருவத்தில், உரிய காப்புடன், பெற்றோர் கைப்பிடியில் காணட்டும்!