மலேசியத் தொலைத்தொடர்புத் துறை: வேலை, குத்தகை, பங்கு

மலேசியத் தொலைத்தொடர்புத் துறையில் இன்னாருக்கு வேலை, இன்னாருக்குக் குத்தகை என்று இனம் பார்த்துப் பிரிக்கும் வழக்கத்துக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. அது பினாங்கில் தொடங்குகிறது. 1870-71இல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் இழுத்த தந்திக் கம்பி பினாங்கில் கரையேறி, அங்கிருந்து சிங்கப்பூர் போனது.

ஆள் வந்த வழியும் இதுதான். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் கிடந்துவிட்டு, தோட்டங்களுக்கும் ரயில் பாதைக்கும் பொதுப்பணிகளுக்கும் பிரிந்தார்கள். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் அரசு அலுவலகங்களில் குமாஸ்தாக்களாக அமர்ந்தார்கள். மேலே வெள்ளைக்கார அதிகாரி, நடுவில் யாழ்ப்பாணத்தார், வெயிலில் மண்வெட்டியோடு தமிழகத்துக் கூலி. எந்தச் சட்டமும் எழுதாமலே காலனி அரசு போட்ட அடுக்கு அது.

சுதந்திரத்துக்குப் பின் 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் துன் சம்பந்தன். 1969 மே 13 இனக்கலவரம் கணக்கை மாற்றியது. 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, 1990க்குள் நிறுவனப் பங்குடைமையில் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர், பிற பூர்வகுடியினர்) 30 விழுக்காடு, பிற மலேசியர்களுக்கு 40, வெளிநாட்டவர்க்கு 30 என்று இலக்கு வைத்தது. இந்தியர்களுக்கென்று தனி எண் இல்லை. ‘பிற மலேசியர்’ என்ற ஒரே கூடையில் சீனரோடு சேர்க்கப்பட்டார்கள்.

குத்தகையில் இக்கொள்கை பளிச்சென்று தெரிந்தது. 1983இல் நாடு முழுக்கத் தொலைபேசிக் கம்பி பதிக்கும் வேலை, சுமார் 250 கோடி வெள்ளி (ரிங்கிட்) மதிப்பில், நான்கு பூமிபுத்ரா நிறுவனங்களுக்குப் போனது. அவற்றில் ஒன்றான யூனிஃபோன், தொலைத்தொடர்பு இலாகாவில் பொறியாளராக இருந்த ஷம்சுதீன் அப்துல் காதிர் தொடங்கிய சபுரா குழுமத்தைச் சேர்ந்தது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி 1968இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியபோது அது சிறுபான்மையினரின் நிறுவனங்களிலிருந்து கொள்முதல் செய்வதற்காக. மலேசியாவில் சலுகை பெரும்பான்மைக்கு. சிறுபான்மைக்குக் கிடைத்தது வாக்குறுதி.

அந்த வாக்குறுதிக்கு ஒரு பெயர் மைக்கா ஹோல்டிங்ஸ். 1982இல் ம.இ.கா. தொடங்கிய இந்த முதலீட்டு நிறுவனத்தில் ஏறக்குறைய 66,000 பேர் 10.6 கோடி வெள்ளி போட்டார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளர்களும் அவர்களில் உண்டு.

தொலைத்தொடர்பு இலாகா 1987 ஜனவரி 1 அன்று டெலிகாம் நிறுவனமாகி, 1990 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்போது துறை அமைச்சர், ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலு. இந்தியர்களுக்கென நிதியமைச்சு மைக்காவுக்கு ஒதுக்கிய டெலிகாம் பங்குகள் 1 கோடி. மைக்காவுக்கு வந்து சேர்ந்தது 10 லட்சம். மிச்சம் 90 லட்சம், பங்குதாரர்கள் கேள்விப்பட்டிராத மூன்று கம்பெனிகளுக்குப் போனது 1992இல் வெளியே தெரிந்தது. அத்தனையும் வாங்க மைக்காவிடம் பணமில்லை என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. வங்கிக் கடன் ஏற்பாடாகியிருந்தது என்று மைக்கா நிர்வாகத் தரப்பு மறுத்தது. ஊழல் தடுப்பு அமைப்பு விசாரித்தது. யார் மீதும் வழக்கு வரவில்லை.

டெலிகாம் பிறகு செல்காம் என்ற கைத்தொலைபேசி நிறுவனத்தை வாங்கியது. 2008இல் கைத்தொலைபேசித் தொழிலைப் பிரித்து விட்டது. பிரிந்த அந்தத் தொழில்தான் இன்று ஆக்ஸியாட்டா. மைக்காவோ ஈவுத்தொகைக்கே திணறியது. 2010இல் தொழிலதிபர் ஞானலிங்கம் குடும்பத்தின் ஜி டீம் நிறுவனம் அதை வாங்க முன்வந்தபோது, 1 வெள்ளிக்கு வாங்கிய பங்குக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட விலை 80 காசு.