வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தூரம்

பாடசாலை வரலாறு எழுதும்போது அதிபர்களும் கட்டடங்களும் பரிசளிப்பு விழாக்களும் தவறாமல் இடம்பெறுகின்றன. இங்கிருந்து வெளியேறிய மாணவியர் எங்கே போய்ப் படித்தார்கள் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. பரீட்சைப் புள்ளிகளோடு, பல்கலைக்கழகம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதும் அதைத் தீர்மானித்தது.

இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 இல் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் சங்கம் அமைத்தனர். 1921 இல் கொழும்பு தேர்ஸ்டன் வீதியில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அங்கு படித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். 1942 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. வெள்ளவத்தைப் பெண்ணுக்கு அது காலி வீதியில் சிறிது நேரப் பயணம். கொட்டாஞ்சேனைப் பெண் புறக்கோட்டையைக் கடந்து போக வேண்டும். இருவருமே மாலையில் வீடு திரும்பிவிடலாம். மகளை விடுதியில் விடத் தயங்கிய பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால், பல்கலைக்கழகம் கொழும்பில் இருக்க வேண்டுமா, கண்டிப் பக்கம் போக வேண்டுமா என்ற விவாதம் 1920களிலேயே மூண்டிருந்தது. நகரத்தின் இரைச்சலுக்கு அப்பால், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாழும் இடமே உயர்கல்விக்கு ஏற்றது என்றது ஒரு பக்கம். மக்கள் இருக்கும் இடத்திலேயே அது இருக்கட்டும் என்றது மறுபக்கம். முடிவில் பேராதனை வென்றது. 1952 இல் கலைப் பீடம் அங்கே பெயர்ந்தது. பெண்களுக்கென விடுதி மண்டபங்கள் இருந்ததால் பலர் துணிந்து போனார்கள். வீட்டார் சம்மதியாத பெண்ணுக்கோ, மகாவலிக் கரை எட்டாத தூரமாயிற்று.

1970களில் தடை வேறு வடிவில் வந்தது. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. அடுத்து வந்த தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் பல வீடுகளின் கனவைக் கலைத்தன. பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகள் சிலருக்கு அதே ஒதுக்கீடு கதவையும் திறந்தது.

அந்தக் கொந்தளிப்பின் நடுவே, 1974 ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரியே அதன் மனையாயிற்று. பேராசிரியர் க. கைலாசபதி முதல் தலைவரானார். 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் துணைவேந்தரானார்.

அதன் பயன் பட்டமளிப்பு மேடையோடு நின்றுவிடவில்லை. 1978 இல் தொடங்கிய மருத்துவ பீடம், போர்க்காலத்தில் வைத்தியர்கள் அரிதானபோது யாழ். வைத்தியசாலையைத் தாங்கியது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக்கழகம் இசையையும் நடனத்தையும் பல்கலைக்கழகப் படிப்பாக்கியது. உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த வைத்திய கலாநிதி ராஜனி திராணகம, வெளிநாட்டு வாழ்வை விட்டு ஊர் திரும்பி மாணவருக்குக் கற்பித்தார். போரில் பாதிக்கப்பட்ட பெண்களுக்காகவும் உழைத்தார். 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு பல்கலைக்கழகம் தன் ஊரோடு சேர்ந்து நிற்பதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அவரது வாழ்வு சொல்கிறது.

1981 இல் வந்தாறுமூலையில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி இன்று கிழக்குப் பல்கலைக்கழகம். வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வேலைக்குப் போகிறவர்களுக்கும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கும் 1980 இலிருந்து நாவலைத் திறந்த பல்கலைக்கழகம் வழி விட்டது. படிப்பு இடையில் நின்றுபோன பெண்கள் பலருக்கு அதுவே இரண்டாவது வாசல்.

இன்று பயணம் இருதிசைப்பட்டுவிட்டது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு வந்தாறுமூலையில் அனுமதி கிடைக்கிறது. கிளிநொச்சிப் பிள்ளை கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் அறை தேடுகிறாள். அனுமதிக் கடிதம் கையில் இருந்தும், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் தயங்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. உலகெங்கும் வாழும் பழைய மாணவியராகிய நாம் நூற்றாண்டு நினைவாக எதையாவது விட்டுச்செல்ல விரும்பினால், ஒரு மாணவியின் முதலாண்டு விடுதிச் செலவை ஏற்பதிலிருந்து தொடங்கலாம். பல்கலைக்கழகத்தின் இடத்தை நம்மால் மாற்ற முடியாது. ஒருத்திக்கேனும் அந்தத் தூரத்தைக் குறைக்க முடியும்.