எஸ்.டி.ஐ.: ஒளிபரப்பு நிலையத்தின் காட்சி இணைப்பு

தொலைக்காட்சி நிலையத்துக்குள் கேமரா, சுவிட்சர், பதிவுக் கருவி ஆகியவற்றுக்கிடையே படத்தையும் ஒலியையும் சுருக்காமல் ஒரே கோஆக்சியல் கேபிளில் கொண்டு செல்லும் டிஜிட்டல் தரம் எஸ்.டி.ஐ. விருதுநகர் மாவட்டத்து வானம் பார்த்த பூமியில், குமாரலிங்கபுரத்தில் டிஷ் வைத்து டிடி தமிழ் பார்ப்பவருக்குக் கிடைப்பது நொடிக்குச் சில மெகாபிட்டாகச் சுருங்கிய படம். நிலையத்துக்குள் எஸ்.டி.ஐ. கேபிளில் ஓடும் எச்.டி. படமோ நொடிக்கு 1.485 ஜிகாபிட். இவ்வளவு பெரிய ஓட்டம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. கிராபிக்ஸ் சேர்ப்பது, நிறம் திருத்துவது, காட்சி மாற்றுவது எல்லாம் முடிந்த பிறகு ஒருமுறை சுருக்கினால் படம் தாங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் சுருக்கி விரித்தால் கெடும்.

தரத்தின் வேர் 1982-இல் வந்த சி.சி.ஐ.ஆர். 601 என்ற சர்வதேசப் பரிந்துரை. இந்தியாவின் 625 வரி முறைக்கும் அமெரிக்காவின் 525 வரி முறைக்கும் பொதுவாக 13.5 மெகாஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தை அது வகுத்தது. வரிக்கு முறையே 864, 858 என முழு எண்ணில் மாதிரிகள், இரண்டிலும் கண்ணுக்குத் தெரிபவை 720. ஒளிக்கு 13.5, இரு நிறக்கூறுகளுக்கும் தலா 6.75, ஆக 27 மில்லியன் மாதிரி, ஒவ்வொன்றும் 10 பிட் என்றால் நொடிக்கு 270 மெகாபிட். முதலில் இது 25 பின் கொண்ட தடித்த கேபிளில் போனது. எஸ்.எம்.பி.டி.இ. என்ற பொறியாளர் சங்கத்தின் 259எம் தரம் 1989-இல் அதை ஒற்றைக் கம்பிக்குக் கொண்டுவந்தது. எச்.டி. வடிவம் 1998-இல், 3 ஜிகாபிட் (3ஜி) வடிவம் 2006-இல், 12 ஜிகாபிட் (12ஜி) வடிவம் 2015-இல் வந்தன. தள்ளிக் கால் சுற்றுத் திருகினால் பூட்டிக்கொள்ளும் பி.என்.சி. இணைப்பியும் 75 ஓம் கேபிளும் மட்டும் மாறவில்லை.

அந்த 270-இல் படம் சுமார் 207 மெகாபிட்தான். மிச்சம் வீண் என்பார்கள். அந்த இடைவெளியில்தான் ஒலியும் டைம்கோடும் பயணிக்கின்றன. ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குப் படம் உடையாமல் தாவுவதும் அங்கேதான். நேரம் கம்பியிலேயே இருக்கிறது என்பதே எஸ்.டி.ஐ.யின் பலம். எச்.டி.எம்.ஐ. மலிவுதான், ஆனால் அதன் வழக்கமான பிளக் பூட்டாது, சாதாரண கேபிள் சில மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல, பதிப்புரிமைப் பூட்டு வேறு குறுக்கிடும். 2017-இல் வந்த எஸ்.எம்.பி.டி.இ.யின் எஸ்.டி. 2110 நெட்வொர்க் முறை நூற்றுக்கணக்கான சிக்னல்களைக் கையாளும் பெருநிலையங்களுக்கு உண்மையிலேயே மேல். ஆனால் எஸ்.டி.ஐ. தந்த அந்த நேர ஒழுங்கை அங்கே தனிக் கடிகார நெறிமுறை வைத்து மீண்டும் கட்ட வேண்டும். அதைப் பராமரிக்க நெட்வொர்க் தெரிந்த ஆளும் வேண்டும். எஸ்.டி.ஐ.யில் கேபிளைக் கழற்றி மாட்டியே கோளாறைப் பிடித்துவிடலாம். மெய்யான குறை வேறொன்று: அனலாக்கில் தூரம் கூடக்கூடப் படம் மெல்ல மங்கும், இங்கே எச்.டி. சிக்னல் நூறு மீட்டர் அளவுவரை பழுதின்றி வந்து, எல்லை கடந்ததும் பொறிபறந்து இருண்டுவிடும். ஆகவே நீளத்தை முன்கூட்டியே அளந்து கேபிள் போடும் சிறு செய்தி நிலையத்துக்கு இன்றும் எஸ்.டி.ஐ.யே ஏற்றது.