திருகோணமலை நத்தாரும் அதன் ஊற்றுக்களும்

கிறிஸ்து பிறப்பு விழாவை ஈழத்துத் தமிழர் நத்தார் என வழங்குவர். போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்னுஞ் சொல்லின் திரிபு இது. அதன் மூலமோ பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். கி.பி. 354ஆம் ஆண்டு உரோமப் பஞ்சாங்கத் தொகுப்பொன்றில் டிசம்பர் 25க்கு நேரே 'வெல்லப்படாதவனின் பிறப்பு' என்ற குறிப்பு உண்டு. ஞாயிற்றுத் தெய்வத்தையே அது சுட்டுவதென்பர். அதே தொகுப்பின் பிறிதோரிடம் அந்நாளைக் கிறிஸ்துவின் பிறந்த நாளாகவும் குறிக்கின்றது. எது எதனைப் பின்பற்றியது என்பதில் அறிஞர் ஒன்றுபட்டிலர். மார்ச் 25ஐக் கருவுற்ற நாளாகக் கொண்டு ஒன்பது மாதங் கணக்கிட்டனர் என்போரும் உளர். எனவே திருச்சபை ஞாயிற்று விழாவைக் களவாடியது என ஒரு சொல்லில் முடித்தல் அவசரமாகும்.

பழைய வழிபாட்டைத் தழுவிக்கொள்ளுதல் சில வேளைகளில் வெளிப்படையான கொள்கையாகவே இருந்தது. 601இல் பாப்பரசர் முதலாம் கிரகோரி, இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த மெலிற்றஸ் என்னுந் துறவிக்குக் கடிதம் எழுதினார். கோயில்களை இடிக்கவேண்டாம், விக்கிரகங்களை மட்டும் அகற்றித் தேவாலயமாக்குக, பலியிட்ட விலங்குகள் இனி விழா விருந்துக்கு ஆகட்டும் என்பது அதன் சாரம்.

திருகோணமலையில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சா காலத்தில் சுவாமிமலைக் கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. கோயிற் கற்கள் கோட்டை மதிலாயின. மீன் சின்னமும் தமிழ்ச் சாசனமும் தாங்கிய கல்லைக் கோட்டை வாயிலில் இன்றுங் காணலாம். கிரகோரியின் அறிவுரையைத் தளபதி அறிந்திருந்தாரோ, இல்லையோ!

தளபதி செய்யாததைப் பின்னாளில் மக்கள் ஓசையின்றிச் செய்தனர். கோயிற் றிருவிழாவிற் போலவே தேவாலயத் திருவிழாவும் கொடியேற்றத்துடன் தொடங்குகின்றது. சொரூபம் அலங்கரிக்கப்பட்டு வீதிவலம் வருகின்றது. ஒலிவக் கிளைக்குப் பதிலாகக் குருத்தோலை கையேந்தப்படுகின்றது. நத்தார் இரவில் வெடிக்கும் பட்டாசு தீபாவளிக்கும் உரியது. பயற்றம் பணியாரமும் முறுக்கும் எந்தச் சமயத்துக்குந் தனியுரிமையல்ல. இவற்றை எந்தக் குருவும் கட்டளையிட்டுப் புகுத்தவில்லை. வழிபாட்டிடம் அழிந்த ஊரில் விழாவெடுக்கும் முறை அழியாது நின்றது என்பதே இங்கு நோக்கற்பாலது.

நத்தார் மரத்தின் வரலாறு வேறு. பண்டை மரவழிபாட்டின் எச்சம் அதுவெனப் பலர் எழுதினும், உறுதியான சான்றுகள் பதினாறாம் நூற்றாண்டு ஜேர்மானிய நகரங்களுக்கு அப்பாற் செல்வதில்லை. 1848இல் விக்ரோறியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ நின்ற படம் இலண்டன் வார இதழொன்றில் வெளிவந்தபின் அது ஆங்கிலேயரிடையே பெருவழக்காயிற்று. 1795இல் இத்துறைமுகத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1957 வரை கடற்படைத் தளத்தை வைத்திருந்தனர். அவர்தம் ஊசியிலை மரம் இங்கில்லை. சவுக்குக் கிளை அதன் இடத்தைப் பெற்றது. வாடைக்காற்றும் மாரிமழையும் வெளியே அறைய, உள்ளே அக்கிளையிற் பஞ்சு பனியாக ஒட்டப்படுகின்றது. அன்று அயலிலுள்ள சைவர் வீட்டுக்குச் செல்லும் பலகாரத் தட்டு, ஞாயிற்றுக்குப் பொங்கும் தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலுடன் திரும்பி வருகின்றது.