முதுமக்கட் காடும் பேய் வழக்கும்

புதுக்கோட்டையினின்று ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடிக்குச் செல்லும் நெடுவழியின் இருமருங்கும் செம்புரை நிலமும் கண்மாய்களும் முந்திரித் தோப்புகளும் மாறிமாறி வரும். இந்நாடு தொண்டைமான் சமஸ்தானமாயிருந்து, 1948 மார்ச்சு 3-ல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974 சனவரி 14-ல் தனி மாவட்டமாயிற்று. தொண்டைமான் மரபினர் புதுக்கோட்டையை ஆளப் புகுமுன் கறம்பக்குடி, அம்புக்கோயில் ஆகிய பக்கங்களில் வாழ்ந்தனரென்பது சமஸ்தான வரலாறு எடுத்துக்கூறும் செவிவழிச் செய்தி. அரசர் வரலாறு இவ்வாறு ஏட்டில் ஏறியது. ஏட்டில் ஏறாது மக்கள் நாவில் மட்டும் வாழ்ந்துவரும் வரலாறு ஒன்றும் இந்நாட்டிற்கு உண்டு. அது பேய்களைப் பற்றியது.

நள்ளிரவில் ஒரு மரத்தினின்று மற்றொரு மரத்திற்கு முனி செல்லுமென்றும், அது செல்லுந் தடத்திற் படுத்துறங்குவாரை அடித்துவிடுமென்றும் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றினும் போல இங்கும் சொல்வர். கண்மாய்க் கரையிலே கொள்ளிவாய்ப் பேய் வாயைத் திறந்து மூடும்; தீ தோன்றி மறையும். சேற்றிற் புதைந்து மக்கிய தழையினின்று எழும் வாயு எரிதலே அத்தீயென்று இயற்கை நூலார் கூறுப. தனிவழிச் செல்வானை மோகினி அழைப்பாள், காட்டேரி பின்தொடர்வாள். இவற்றை யோட்டுதற்கு அய்யனார் இரவெல்லாம் பரிமீது ஊர்ந்து எல்லைகாப்பர். கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்திற் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்னர் நிற்கும் குதிரை 33 அடி உயரமுடையது. மாசிமகத்தன்று அடியார்கள் சாத்தும் காகிதப்பூ மாலைகள் அதன் உடலை முழுதும் மறைத்துவிடும். காவலர் ஊரும் பரி இத்துணைப் பெரிதாயின், அவர் ஓட்டவேண்டிய பகையை இம்மக்கள் எத்துணைப் பெரிதாக எண்ணினரென்பது கூறாமலே விளங்கும்.

இவ்வச்சங்களெல்லாவற்றினும் ஆராய்ச்சிக்கு உரியது முதுமக்கட் காட்டைப் பற்றிய அச்சமே. புதுக்கோட்டை நாட்டிற் சித்தன்னவாசல், கொடும்பாளூர் முதலிய பலவிடங்களிலும் பழைய ஈமக்காடுகள் பரந்து கிடக்கின்றன. வட்டமாக நட்ட கற்களும், பலகைக்கற்களால் அமைத்த அறைகளும், மண்ணுட் புதைந்த பெருந்தாழிகளும் ஆங்குக் காணப்படும். உழுபடைக்குத் தாழியின் விளிம்பு தட்டுப்பட்டால், ஏர் பூட்டியவன் அவ்விடத்தை விட்டு விலகி உழுதல் பழைய வழக்கம். ஆடுமேய்க்குஞ் சிறார் பொழுது சாய்ந்தபின் அங்கு நில்லார்.

இவற்றைப் பற்றிய கதைகள் பலதிறப்படும். முற்காலத்து மாந்தர் சாதலின்றி நெடிது வாழ்ந்தனராம். வாழ வாழ உடல் சுருங்கிக் கைப்பிள்ளை யளவாயினராம். பூனை கவ்வாதபடி அவர்களை விளக்குமாடத்தில் வைத்துப் பாதுகாத்தனராம். அதுவும் இயலாதபோது சோறும் நீரும் உடன்வைத்துத் தாழியுள் இறக்கி மூடினராம். இஃதொரு கதை. முழ உயரமேயுடைய குள்ளர் ஒருசாரார் இருந்தனரென்றும், பெரும்பாறைகளைத் தூக்கும் வலியுடைய அவர் தீமழை பெய்யுமென்று அறிந்து கல்லறை கட்டி அதனுட் புகுந்து மாய்ந்தனரென்றும் கொங்குநாட்டிலும் பிறவிடங்களிலும் கூறுவது மற்றொன்று. புதுக்கோட்டைப் பக்கத்தார் இக்கல்லறைகளைக் குரங்குப் பட்டடை யென்றுங் கூறுவர். பட்டடையாவது கொல்லன் உலைக்களம். கல்லறையின் ஒருபுறத்துப் பலகையிலுள்ள வட்டத்துளை ஆள் நிமிர்ந்து புகுதற்குப் போதாமையானும், உள்ளே துருவேறிய இரும்புக் கருவிகள் கிடைத்தலானும் இப்பெயர் எழுந்திருத்தல் கூடும். இஃது உய்த்துணர்வே யன்றி முடிந்த முடிபன்று.

கதைகள் பொய்யாயினும் அவை பிறந்த வாயில் பொய்யன்று. 1823-ல் பாபிங்டன் மலையாள நாட்டுப் பாண்டுகுழிகளைப் பற்றி எழுதியதும், 1876-ல் யாகோர் ஆதிச்சநல்லூரை அகழ்ந்ததும், அதன்பின் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் அங்குப் பன்முறை அகழ்ந்ததும் ஈமத்தாழிகளின் இயல்பைப் பலரும் அறியச்செய்தன. தாழிகள் பலவற்றுட் கிடைத்தவை முழுவுடலல்ல. வெளியிலிட்டுத் தசை நீங்கியபின் பொறுக்கியெடுத்த என்புகளே. சிறிய வாயுட் பெரிய மனிதன் புகுந்தது எவ்வாறென்று பிற்காலத்தான் திகைத்தான். திகைப்பு ‘உடல் சுருங்கிற்று’ என்னுங் கதையாயிற்று. தாழியுள் உணவு வைத்தலும் மெய்யே. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழியுட் கிடைத்த நெல்லின் காலம் கி. மு. 1155 என ஆய்வுக்கூடத்தார் கணித்த செய்தி 2021-ல் வெளியாயிற்று. இறந்தார்க்குப் படைத்த நெல் அது. கதை சொன்னவனோ, உண்பான் உயிரோடிருந்தாலன்றி நெல் வைப்பானேன் என எண்ணினான்.

ஆயின் ஒன்று கருதத்தக்கது. தாழி செய்யும் குயவனை விளித்துக் கைம்மையுற்றாள் புலம்பிய பாட்டும், மாண்ட சோழனுக்குத் தாழி வனைதல் ஆகுமோ வென்று இரங்கிய பாட்டும் புறநானூற்றுள் உள. அப்புலவர்களுக்குத் தாழி துயரத்தின் இடமேயன்றி அச்சத்தின் இடமன்று. அதனுட் கிடப்பவன் அவர்கட்குக் கணவன், அரசன். பெயர் நினைவிலுள்ள வரையிற் பிதிரர். பெயர் மறந்தபின் பேய். இவ்வொரு மறதியினின்றே குரங்கும் குள்ளரும் தோன்றினரெனல் மிகையாகாது.

மணிமேகலை பௌத்த நூலாயினும் இப்பொருளில் ஒதுக்கற்பாலதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் புறங்காடாகிய சக்கரவாளக் கோட்டத்தை அது விரித்துரைக்குமிடத்து, சுடுதல், வாளாவிடுதல், குழியிலிடுதல், தாழ்ந்த அறையுள் அடைத்தல், தாழியாற் கவித்தல் என ஐந்து முறைகளும் வருகின்றன. ஆங்குச் சார்ங்கல னென்னும் பார்ப்பனச் சிறுவன் தனியே சென்று, தலையொன்றைக் கையிலேந்திப் பேய் ஆடக்கண்டு நடுங்கியோடி வந்து, தாய் கோதமையிடம் சொல்லி உயிர்விட்டான். அவள் மகனுயிரை மீட்டுத் தருமாறு சம்பாபதியை வேண்ட, அத்தெய்வம் பேயும் அணங்கும் உயிரை உண்பனவல்ல வென்றும், சிறுவன் உயிர் போனது அவனது அறியாமையும் ஊழ்வினையும் பற்றியே யென்றும் மறுமொழி கூறிற்று. பேயைக் கண்டான் என்பதை அத்தெய்வம் மறுக்கவில்லை. பேய் கொன்றது என்பதையே மறுத்தது. இன்றும் பேயடித்து மாண்டானெனக் கூறும் ஊரார் இவ்வேறுபாட்டை நோக்குதல் நன்று.

இனி, சைவ நூன்முடிபு யாதெனில், பேய் இல்பொருளும் அன்று, இறைவனுக்கு எதிராகிய தனிமுதலும் அன்று. வினைவயத்தாற் பசு எய்தும் பிறவிகளுள் ஒன்று. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் தாம் பிறந்திளைத்த பிறவிகளை அடுக்கி ஓதுமிடத்துக் கல்லையும் மனிதரையும் சேர்த்துப் பேயையும் கூறினார். அவர் ஆட்கொள்ளப்பெற்ற திருப்பெருந்துறையும் இப்புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலே. தாமும் ஒருகாற் பேயாயிருந்தேம் என எண்ணுவானொருவன் பேயைக் கண்டு இரங்குவானேயன்றி ஓடான்.

ஒரே தலத்தில் இருவேறு பேய்களின் வரலாறு கலந்து நிற்றலைத் திருவாலங்காட்டிற் காணலாம். அதனையடுத்த பழையனூரில் நிகழ்ந்தது நீலி கதை. முற்பிறப்பிற் கணவனாற் கொலையுண்டவள் பேயாகி, வணிகனாய்ப் பிறந்த அவனைத் தொடர்ந்து, கரிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பிலேந்தி, அவன் தன்னைக் கைவிட்டானென்று ஊரம்பலத்தில் முறையிட்டாள். வணிகன் அஞ்சி மறுத்தான். வேளாளர் எழுபதின்மர், அவனுயிர்க்குத் தம்முயிரைப் பிணையாக்கி அவளோடு அனுப்பினர். இரவில் அவள் அவனைக் கொன்று மறைந்தாள். மறுநாட் காலை எழுபதின்மரும் சொன்னசொற் பிறழாது தீயிற் புகுந்தனர். சிறுபிள்ளைகளை அச்சுறுத்த நீலி கதை சொல்லப்படுவதுண்டு. கதையின் உயிர்நிலை நீலியல்லள். பேயிடம் ஏமாந்தும் வாக்குத் தவறாத அவ்வூரவரே.

மற்றைய பேய் காரைக்காலம்மையார். மாங்கனியின் அற்புதங் கண்ட பரமதத்தன் மனைவியைத் தெய்வமென அஞ்சி, கப்பலேறி நீங்கிப் பாண்டிநாட்டில் வேறு மணம் புரிந்தான். அம்மையார் அவன்பொருட்டுத் தாங்கிய வனப்பினை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்றார். அவ்வடிவைக் கண்டார் அஞ்சி யகன்றோடினர். இறைவன் தம்மை அறிவானாயின் அறியா மக்களுக்குத் தாம் எவ்வுருவினராய்த் தோன்றினால் என்னை யென்று அம்மையார் கருதியதாகச் சேக்கிழார் உரைக்கின்றார். அழகோடு இருந்தபோது கணவன் அஞ்சினான். அழகு நீங்கியபோது ஊரார் அஞ்சினர். இரண்டிடத்தும் அஞ்சத்தக்கது அவரிடம் யாதுமில்லை. கயிலையைத் தலையால் நடந்தேறிய அவரை இறைவன் அம்மையென்றழைத்து, திருவாலங்காட்டில் தன் ஆடலைக் காண அருளினான். அங்கிருந்து அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் சுடுகாட்டையும் ஆங்குத் திரியும் பேய்களையும் மிக நுணுகிக் காட்டுகின்றன. ஊரார் விலகிச்சென்ற காட்டை ஒரு பேய் தன் இல்லமாகக்கொண்டு பாடியது அது.

இவ்விருவரையும் ஒருங்கு நினைப்பித்தவர் திருஞானசம்பந்தர். அம்மையார் தலையால் நடந்த தலத்தைக் காலால் மிதித்தற்கு அஞ்சி அவர் திருவாலங்காட்டினுட் புகாது அணித்தாகிய ஓரூரில் இரவு தங்கினார். கனவில் இறைவன் தோன்றித் தன்னைப் பாட மறந்தனையோவென்று வினவ, எழுந்து பாடிய பதிகத்தில் நீலி வணிகனை வஞ்சித்த செய்தியை வைத்துப் பாடினார். அம்மையாரைக் கருதி அடிவைக்கத் தயங்கிய நெஞ்சே, நீலியின் ஊரையும் இறைவன் ஊராகப் பாடிற்று. ஒருத்தி முற்பிறப்பின் பகையை விடாமையாற் பேயாயினாள். மற்றொருவர் இப்பிறப்பின் உடற்பற்றை விட்டமையாற் பேயாயினார். வடிவம் ஒன்றே.

இறந்தாரிடத்தை அஞ்சாமைக்குச் சோழர் கட்டிய பள்ளிப்படைகளும் சான்றாகும். தொண்டைமானாற்றூரில் ஆதித்தசோழனுக்கு ஆதித்தேச்சரமும், மேற்பாடியில் அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் எடுப்பித்த அரிஞ்சிகை ஈச்சரமும், பட்டீச்சரத்தின் பக்கத்தே பஞ்சவன்மாதேவிக்கு முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த ஈச்சரமும் இறந்தாரைக் கருதி எழுந்த சிவாலயங்களே. ஈமத்தில் இலிங்கம் நிறுவப்பட்டமையாற் பூசையும் விளக்கும் நடந்தன; பெயரும் கல்வெட்டில் நின்றது. முதுமக்கட் காட்டில் விளக்கேற்றுவாரில்லை, பெயரும் இல்லை. ஆதலின் ஒன்று கோயிலாகவும் மற்றொன்று பேய்க்காடாகவும் ஆயின.

ஆயினும் அவ்வச்சத்தால் விளைந்த நன்மையையும் மறைத்தலாகாது. பேய்க்கு அஞ்சியதனாலன்றோ கலப்பை விலகிற்று. கற்கள் பெயர்க்கப்படாது நின்றன. அச்சம் குறைந்த இக்காலத்திற் செம்புரைக்கல் வெட்டும் குழிகளும், நிலம் சமன்செய்யும் பொறிகளும் ஈமக்காடுகள் பலவற்றை அழித்துவிட்டன. அச்சம் போன இடத்தில் அறிவு வந்திருப்பின் வருத்தமில்லை. 1910-ல் தோன்றித் திருக்கோகர்ணத்தில் இயங்கிவரும் அருங்காட்சியகத்திற்குப் போய்த் தாழியைக் காண்பாருள் எத்துணைபேர் அதன் முன்னர் ஒருகணம் தலைதாழ்த்துகின்றனர்?

கறம்பக்குடி வழியில் திருவரங்குளத்திற்கு இப்பாலுள்ள பொற்பனைக்கோட்டையில் நிலைமை சிறிது வேறு. பொன்னாகிய பனங்கனி ஈந்த மரமொன்று அங்கு நின்றதென்று திருவரங்குளத் தலவரலாற்றோடு சேர்த்துச் சொல்வர். அக்கோட்டைப் பகுதியிற் கோயில்கொண்டவர் பொற்பனை முனீசுவரர். முனியென்பது தவத்தோரைக் குறிக்கும் பழஞ்சொல். அச்சொல்லே ஊரார் வாயில் இரவில் அடிக்கும் பேய்க்கும் பெயராய், பின் ஈசுவரனென்னும் பெயரோடு கூடித் தெய்வமாயும் நிற்றல் காண்க. சுற்றிலும் மண்மூடிக் கிடந்த மதிலையும் அகழியையும் மக்கள் முனியின் காவலிலுள்ள இடமாகவே எண்ணி வந்தனர். அதன் அணித்தே தமிழிப் பொறிப்புடைய நடுகல் ஒன்று கிடைத்தது. போரில் மாண்ட வீரனுக்கு நட்ட கல் அது. 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தாரும், 2023-ல் மாநிலத் தொல்லியல் துறையினரும் கோட்டையுள் அகழ்ந்தபோது செங்கற் கட்டுமானமும் பழைய மட்கலங்களும் வெளிப்பட்டன. முனீசுவரர்க்கு வழிபாடு அங்கு இன்றும் நடைபெறுகின்றது. நடுகல் வீரனுக்குப் படையல் இடுவாரை மட்டும் காணவில்லை.