இரண்டு மொழி தெரிந்த ஆள்

நான் வியாபாரி. பொன்விழா மலருக்கு வரலாறு எழுதச் சொன்னபோது, வேற்று இனத்தாரோடு சேர்ந்து வேலை செய்ய நம்மவர் எப்படிப் பழகினார்கள் என்பதையே எடுத்துக்கொண்டேன்.

பிரான்சிஸ் லைட் 1786-ல் பினாங்கில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே சூலியர் எனப்பட்ட நம்மவர் இங்கே கடை வைத்துவிட்டார்கள். ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் கப்பலில் வந்து, வியாபாரமும் கூலிவேலையும் செய்து, கொஞ்சம் காசு சேர்த்து ஊர் திரும்புவதாக லைட் 1794-ல் எழுதினார். மலாய்க்காரர், சீனர், கும்பெனி அதிகாரி என்று எல்லோரிடமும் பேசினால்தான் பிழைப்பு நடக்கும். அந்தப் பழக்கத்தின் தடம் மலாயில் இன்றும் இருக்கிறது. கெடாய், காப்பால், மோடால், பெத்தி எல்லாம் நம் கடை, கப்பல், முதல், பெட்டிதான். நாமும் சீனரிடமிருந்து 'தவுக்கே'யை எடுத்துக்கொண்டோம்.

எழுத்தும் கைகொடுத்தது. அரபு எழுத்தில் தமிழ் எழுதிப் பழகிய நம்மவருக்கு, அதே எழுத்தில் எழுதும் ஜாவி மலாய் அந்நியமாகப் படவில்லை. 1876-ல் சிங்கப்பூரில் தொடங்கிய 'ஜாவி பெரானாக்கான்' மலாய் வார இதழின் முதல் ஆசிரியர் முகம்மது சயீத் நம் பினாங்குக்காரர்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் மலாக்காவின் முன்ஷி அப்துல்லா. பாட்டனார் நாகூரிலிருந்து வந்தவர். பாட்டி பெயர் பெரியாச்சி. மலாக்காவில் பிறந்த பிள்ளையைத் தகப்பனார் தமிழ் படிக்க அனுப்பினார். அங்கே வணிகர்களின் கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டியிருந்தது. (பினாங்கிலேயே பிறந்து "தமிழ் எதற்கு அத்தா?" என்று கேட்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு.) கோட்டையிலிருந்த சிப்பாய்களிடம் ஹிந்துஸ்தானி கற்றார். 'முன்ஷி' என்று அழைத்ததும் அவர்களே. 1811-ல், சிறுவனாக இருந்தபோதே, ராஃபிள்ஸிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தார்.

பாலிடெக்னிக்கில் எங்களுக்குத் தொடர்புத்திறன் என்று ஒரு பாடம் இருந்தது. கைகுலுக்கவும் கடிதம் எழுதவும் சொல்லித்தந்தார்கள். மேலே இருப்பவர் நம் மொழியைத் தவறாக எழுதிவிட்டு அதுவே சரி என்றால் என்ன செய்வது? அது பாடத்தில் இல்லை. சிம்பாங் அம்பாட்டில் கடை நடத்தும் எனக்கு வேறொன்றும் தெரியும்: 'போலே' என்று தலையாட்டுவது சில சமயம் சம்மதம், சில சமயம் வெறும் மரியாதை. அதனால், "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு லாரி வரும்?" என்று அவர் மொழியிலேயே இன்னொரு முறை கேட்டுக் குறித்துக்கொள்வேன்.

அப்துல்லாவின் சங்கடம் இதைவிடப் பெரிது. தாம்சன் பாதிரியார் நற்செய்தி நூலை மலாயில் பெயர்த்தபோது உடனிருந்தவர் அவர். சொல் மலாய், வாக்கியப் போக்கு ஆங்கிலம். மலாய்க்காரர் இப்படிப் பேசமாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னார். பாதிரியார் கேட்கவில்லை. சம்பளம் கொடுப்பவரோடு எவ்வளவு தூரம் மல்லுக்கட்டுவது? அச்சான பிறகு, படிப்பவர்கள் முன்ஷியின் மலாய் இவ்வளவுதானா என்று சொல்வார்களே என்ற கவலை அவரை விடவில்லை. 1843-ல் எழுதி முடித்து 1849-ல் அச்சிட்ட 'ஹிக்காயத் அப்துல்லா'வில், அந்தப் பிழைகளுக்குத் தன்னைக் குறை சொல்ல வேண்டாம் என்று பதிந்து வைத்தார்.